கூப்பிடும் சர்க்கரை

கர்நாடகத்தில் காவிரிக்காக பந்த். விடிவதற்குள் எல்லையைத் தாண்டிவிடும் என்று பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்ட வண்டி, அத்திப்பள்ளியிலேயே நின்றுவிட்டது.

“டிரைவரு வரமாட்டன்னுட்டான் மேடம். கண்ணாடி ஒடஞ்சா யாரு குடுப்பான்னு கேக்கறான். அவன் கேக்கறதும் நாயந்தான்,” என்று போனில் சொன்னார் திம்மப்பன்.

ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தச் சின்ன மருந்துக் கம்பெனியின் வேன் டிரைவர் அவர். நிலைமையைப் பார்த்து வரச் சொல்லி அவரை எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கு அனுப்பியிருந்தாள் ஜெயப்ரியா. பதில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அவள் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். ஆள் உயர எஃகுத் தொட்டி. கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே கலங்கலாக ஏதோ சுழலும், அவ்வளவுதான். அந்தக் கலங்கல் முழுக்க உயிருள்ள செல்கள். எப்போதோ ஒரு வெள்ளெலியிலிருந்து எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே வந்தவை. சிக்குன்குனியாக் கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை அவை சுரந்துகொண்டிருந்தன. பரிசோதனைகளில் தேறினால் மருந்தாகக்கூடிய சரக்கு.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் தோற்றுப்போயின.

“இதுவும் சரியா வரலன்னா தொட்டிய வேற கம்பெனி வேலைக்குக் குடுத்துடுவன். கேட்டுக்கினே இருக்காங்க,” என்று முதலாளி சென்னகிருஷ்ணன் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார். அதனால்தான் அவர் செய்துவிடுவார் என்று ஜெயப்ரியா நம்பினாள்.

முதல் இரண்டு தடவையும் ஆன்டிபாடி குறைவில்லாமல்தான் வந்தது. அதில் தொங்கிய சர்க்கரைதான் சரியில்லை.

ஆன்டிபாடிக்கு இரண்டு கை, ஒரு கால். கைகள் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மட்டும் போதாது. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்கள் வந்து அந்தக் காலைப் பற்றி, கிருமியோடு சேர்த்து விழுங்க வேண்டும். காலில் ஒரு சின்னச் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. வெள்ளை அணு எவ்வளவு இறுக்கமாகப் பற்றும் என்பதை அந்தச் சங்கிலிதான் தீர்மானிக்கிறது. அதன் அடியில் ஃபியூகோஸ் என்று ஒரு சர்க்கரை ஒட்டியிருந்தால் பிடி தளரும். ஜெயப்ரியாவின் செல்களுக்கு அதை ஒட்டத் தெரியாதபடி ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. நுனியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை நின்றால் பிடி இன்னும் இறுகும். அங்கேதான் இடித்தது. முதல் தடவை நுனிகள் முடியாமலே நின்றன. இரண்டாம் தடவை செல்கள் பசியில் கிடந்து, காலில் சர்க்கரையே இல்லாத மொட்டை ஆன்டிபாடிகளும் கலந்து வந்தன. அவை கிருமியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். யாரையும் கூப்பிடாது.

இந்தத் தடவை நுனியை முடிப்பதற்கென்றே ஒரு தீனியைப் பெங்களூர்க் கம்பெனியிடம் தயாரிக்கச் சொல்லியிருந்தாள். அது முதலில் வந்தபோது கலங்கலாக இருக்கிறது என்று தரக்கட்டுப்பாட்டு அதிகாரி சிவராஜ் திருப்பி அனுப்பிவிட்டார். புதிதாகத் தயாரித்த தீனிதான் இப்போது அத்திப்பள்ளியில் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் அது தொட்டிக்குள் போயாக வேண்டும்.

“அக்கா, நம்மகிட்ட குளுக்கோஸ் இருக்குது இல்ல? அத்த ஊத்தி இன்னிக்கி ஒப்பேத்திட முடியாதா?” என்று கேட்டான் முனிராஜ். தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மத்திகிரியிலிருந்து சைக்கிளில் வருவான்.

“உயிரோட வச்சிருக்கலாம்டா. வெறும் சோறு போட்டா சங்கிலி பாதியிலதான் நிக்கும். அதிகமா ஊத்தினா புளிச்சிடும்.”

“அப்ப ஐயோன்னு போயிடும்.”

“வாய வச்சிக்கினு சும்மா இரு.”

திம்மப்பன் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஜெயப்ரியா ஏறி உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. தொட்டி முன்னால் நிற்பதைவிட எல்லையில் நிற்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக நின்றன. பயணிகள் இறங்கி, மூட்டையும் குழந்தையுமாக அத்திப்பள்ளியை நோக்கி நடந்தார்கள். எதிரிலிருந்தும் அதே போல ஒரு கூட்டம் நடந்து வந்தது. பந்த் என்றால் எப்போதும் இப்படித்தான். பேருந்துகள் தம் பக்கத்தில் நின்றுவிடும். நடுவிலுள்ள தூரத்தை மனிதர்கள் நடந்து கடப்பார்கள்.

ஓரத்தில் ஒரு சரக்கு ஆட்டோவிலிருந்து பெண்கள் அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளின் பக்கத்தில் ஓட்டைகள். ஓட்டை வழியே சிவப்பு தெரிந்தது.

“ரோஜா,” என்றார் திம்மப்பன். “பசுமைக்குடில்ல அறுத்தது. இன்னிக்கி அறுத்தத இன்னிக்கே அனுப்பலன்னா விரிஞ்சிடும் இல்ல? அதனால பந்த்துன்னா இவங்கள கூட்டிக்குவாங்க. தலையில தூக்கிக்கினு அந்தாண்ட பெங்களூரு வண்டியில ஏத்தி உட்டுட்டு வருவாங்க. அதா பச்சை சீலை, அதுதான் மாரம்மா. அதுதான் மேஸ்திரி.”

ஜெயப்ரியா வேனிலிருந்து இறங்கினாள்.

“அக்கா, திரும்பி வர்றப்ப என்ன எடுத்துக்கினு வருவீங்க?”

மாரம்மா சும்மாடு சுற்றிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தாள். “என்னாத்த எடுத்துக்கினு வர? வெறுங்கைதான்.”

“ரெண்டு ஐஸ் பெட்டி இருக்குது. அத்திப்பள்ளியில. தூக்கியாந்து குடுப்பீங்களா?”

“உள்ள என்னா? சாராயமா?”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

“மருந்து செய்யறதுக்குத் தீனி. சிக்குன்குனியாவுக்கு.”

சிரிப்பு நின்றது. மாரம்மா தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அந்தப் பாழாப்போனதா? எனக்கு வந்தப்ப குத்த வச்சா எந்திரிக்க முடியல. செவுத்தப் புடிச்சிக்கினு நின்னன். மருந்தா செய்யற அதுக்கு?”

“எங்கம்மாவுக்கும் வந்துச்சுக்கா. சாமல்பட்டியில. மாட்டுல பால் கறக்க விரல் மடங்கல. நாங்கதான் சோறு ஊட்டினோம்.”

“சரி, தூக்கியாறோம். ஆனா ஒண்ணு. இன்னிக்கி ஒருத்தி வரல. அவ பெட்டி இங்கியே நிக்குது. அத்த நீ தூக்கு.”

“நானா?”

“உனக்குக் கழுத்து இல்லியா?”

திம்மப்பன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். ஜெயப்ரியா துப்பட்டாவைச் சுருட்டிச் சும்மாடாக வைத்தாள். அது சரியில்லை என்று மாரம்மா பிடுங்கி மறுபடி சுற்றி வைத்தாள். பெட்டி ஏறியது. திம்மப்பனும் வேனைப் பூட்டிவிட்டுக் கூட நடந்தார். கனம் அதிகமில்லை, ஆனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெண்கள் பேச்சில்லாமல், நிற்காமல், ஒரே சீராக நடந்தார்கள். நின்றால்தான் கனக்கும் என்பது கொஞ்ச தூரத்திலேயே அவளுக்குப் புரிந்தது. பாதி வழியில் ஒரு புளிய மரத்தடியில் மட்டும் பெட்டிகளை இறக்கித் திறந்து, பூவுக்குத் தண்ணீர் தெளித்து மூடித் தூக்கினார்கள்.

எல்லை வளைவுக்கு அப்பால், மஞ்சளும் சிவப்பும் கலந்த துண்டு போட்டவர்கள் சாலையை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்தார்.

“பாக்ஸ்னல்லி ஏனிதெ?” பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்.

“ஹூவு அண்ணா. குலாபி,” என்றார் திம்மப்பன். ரோஜாப் பூ என்றதும் அந்த மனிதர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

“என்ன சொல்றாரு?” என்று கழுத்தைத் திருப்பாமலே கேட்டாள் ஜெயப்ரியா.

“நாம தண்ணி குடுக்கலன்னாலும் இவங்க பூவு குடுக்கறாங்கன்றாரு.”

“தண்ணி இல்லாம பூவு எங்கிருந்து வந்துச்சாம்?” என்று மாரம்மா கன்னடத்திலேயே கேட்டாள். அதற்கும் சிரிப்பு. ஒரு ரோஜாவை உருவிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வழி விட்டார்.

பூ வண்டிக்குப் பக்கத்திலேயே பெங்களூர்க் கம்பெனி வண்டியும் ஒளிந்தது போல நின்றிருந்தது. ரோஜா ஏறியது. இரண்டு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய பை நிறையத் தீனி, சுற்றிலும் ஐஸ் பொட்டலங்கள். மூடியைச் சுற்றி நீல சீல். இவை ரோஜாப் பெட்டிகளைவிட நல்ல கனம். ஒருத்தி கொஞ்ச தூரம், அடுத்தவள் கொஞ்ச தூரம் என்று மாற்றிக்கொண்டார்கள். முதல் பெட்டி நாராயணம்மா என்பவளோடு முன்னால் போனது. இரண்டாவதன் அருகிலேயே ஜெயப்ரியா நடந்தாள்.

“இந்தத் தீனியத் தின்னா என்னா செய்யும்?” என்று கேட்டாள் மாரம்மா.

“ஆன்டிபாடியில ஒரு சர்க்கரை வைக்கும். அந்தச் சர்க்கரைதான், வாங்கடா கிருமி இங்க இருக்குதுன்னு வெள்ளை அணுவக் கூப்பிடும்.”

“அப்ப எல்லா மருந்துலயும் அந்தச் சர்க்கரய அள்ளிப் போட்டுட வேண்டியதுதான மேடம்?” என்றார் திம்மப்பன்.

“அப்படிப் போட முடியாதுண்ணா. டெங்குல பாருங்க, ரெண்டாந்தடவ காய்ச்சல் வர்றவங்கள்ல சிலருக்கு இந்த ஃபியூகோஸ் இல்லாத ஆன்டிபாடி அதிகமா இருந்தா நோயே முத்துது. அது கிருமியக் கொல்றதுக்குப் பதிலா வெள்ளை அணுவுக்குள்ளயே கூட்டிக்கினு போயி வுட்டுடுது. எந்தக் கிருமி, எவ்ளோ சத்தமாக் கூப்பிடணும்னு பாத்துத்தான் வைக்கணும். சிக்குன்குனியாவுக்கு இந்தச் சத்தம் சரியா இருக்கும்னு நான் நினைக்கறேன். அத்தக் காட்டறதுக்குத்தான் இவ்ளோ பாடு.”

“ஊட்டுக்கு யாரக் கூப்பிடணும்னு தெரிஞ்சிதான் கூப்பிடணும்ன்ற,” என்றாள் மாரம்மா.

சாலை ஓரத்தில் மறுபடி அந்தப் புளிய மர நிழல் வந்தது. முன்னால் போனவர்கள் அங்கே பெட்டியை இறக்கியிருந்தார்கள். ஜெயப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். நாராயணம்மா குனிந்திருந்தாள். நீல சீல் கிழிந்து தரையில் கிடந்தது. மூடி திறந்திருந்தது. நாராயணம்மா ஒரு கையால் பாட்டில் தண்ணீரைத் தெளித்து, இன்னொரு கையால் முந்தானையை விசிறிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ! மூடுங்க! மூடுங்க!”

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. ஓடிப் போய் மூடியை அழுத்திக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்குத் திறந்தீங்க?”

நாராயணம்மா விசிறிய முந்தானையை அப்படியே விட்டாள். “காத்து ஓட்டமே இல்ல கண்ணு. ஒரு ஓட்டகூட இல்ல. மூச்சு முட்டுமேன்னு திறந்தன். பாதி வழியில திறந்து தண்ணி தெளிக்கலன்னா வாடிப்பூடும் இல்ல?”

“இது பூ இல்லக்கா!”

“பூ இல்லன்னா ஐஸு எதுக்கு? செத்த சாமானுக்கு எவனாச்சும் ஐஸு வைப்பானா?” என்று மாரம்மா தன் ஆளுக்காகச் சண்டைக்கு வந்தாள்.

ஜெயப்ரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எல்லா பந்த்திலும் அந்தப் புளிய மரத்தடியில் பெட்டியைத் திறப்பார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், மூடுவார்கள். இதைத் திறக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டது அவள்தான். “உங்க மேல தப்பு இல்லக்கா. தூக்குங்க. சீக்கிரம்.”

வேனில் பெட்டிகளை ஏற்றியதும் திம்மப்பன் டேஷ்போர்டைத் திறந்து ஒரு நீல டேப் சுருளை எடுத்தார். அசல் சீல் போலவே இருந்தது.

“ஒட்டிடலாம் மேடம். ஒரு செகண்டு மூடியத் தொறந்ததுல என்னா ஆயிடப்போவுது? சிவராஜ் சாருக்குச் சொன்னா அந்தாளு பெட்டிய வாசல்லயே நிறுத்திடுவாரு. ஒரு பெட்டி தீனி பாதிகூடக் காணாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

அவள் சுருளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டினால் தொட்டிக்குத் தீனி கிடைக்கும். சொன்னால் கிடைக்காமல் போகலாம். சிப்காட் வாசல் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். இறங்கும்போது சீட்டில் போட்டுவிட்டாள்.

சிவராஜ் சரக்கு வரும் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார்.

“சீல் எங்க?”

“வழியில திறந்துட்டாங்க சார். தண்ணியும் தெளிச்சுட்டாங்க. பூ தூக்கறவங்க. பூன்னு நினைச்சுட்டாங்க.”

சிவராஜ் மூடியைத் தூக்கிப் பார்த்தார். “நீ சொல்லாம இருந்திருந்தா?”

“சொல்லிட்டேன் சார்.”

“தண்ணி எங்க பட்டுச்சு?”

“மேல. மூடிப் பக்கம்.”

அதற்குள் சென்னகிருஷ்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். “வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க சிவராஜ். தொட்டி கேக்கறவங்களுக்கு நான் இன்னிக்கே பதில் சொல்லணும்.”

“இருங்க சார். பாக்காம எப்படிச் சொல்றது?”

அவர் அவசரப்படவில்லை. கையுறை போட்டார். பையை வெளியே எடுத்துத் துடைத்து உலர்த்தினார். வெப்பத்தைத் தானே பதிந்துகொள்ளும் கருவி உள்ளே இருந்தது. அதைக் கணினியில் பொருத்தினார். கோடு நேராக வந்து, புளிய மரத்தடியில் ஒரு மேடு கட்டி, மறுபடி இறங்கியிருந்தது. மேடு சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. பையின் வாயைப் பார்த்தார். ரப்பர் மூடிக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை சூட்டில் ஒட்டியிருந்தது. பூதக்கண்ணாடியும் விளக்கும் வைத்து அதன் விளிம்பு முழுக்கச் சுற்றி வந்தார். பிறகு உறையை அழுத்திக் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தார். முனிராஜ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான்.

“சீல் பெட்டிக்குத்தான் போச்சு. பைக்குப் போகல,” என்றார் சிவராஜ். “தண்ணி எங்க பட்டுச்சுன்னு நீ சொன்னதால எங்க பாக்கணும்னு தெரிஞ்சுது. நீயா டேப் ஒட்டிக் கொண்டாந்திருந்தா, கருவியில இந்த மேட்டப் பாத்துட்டு ரெண்டையும் குப்பையில போட்டிருப்பேன். எடுத்துட்டுப் போ.”

முனிராஜ் கதவைத் திறக்கும் பொத்தானை அதற்குள் அழுத்திவிட்டான்.

வெயில் தாழ்வதற்குள் இரண்டு பைகளும் தொட்டியோடு இணைந்தன. தீனி சொட்டுச் சொட்டாக இறங்கியது. அடுத்து வந்த நாட்களில் ஜெயப்ரியா சாப்பிட்டாளா என்று வீட்டில் கேட்டால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. செல்கள் நன்றாகச் சாப்பிட்டன.

தொட்டியை வடித்து, ஆன்டிபாடியைப் பிரித்து, சர்க்கரைச் சங்கிலிகளை மட்டும் வெட்டியெடுத்துக் கருவிக்குள் செலுத்தினார்கள். திரையில் கோடு ஊர்ந்தது. ஒவ்வொரு வகைச் சங்கிலிக்கும் ஒரு சிகரம் எழும். முதல் இரண்டு தடவையும் நுனி முடியாத சங்கிலியின் சிகரம்தான் மலை போல நின்றது. இப்போது அந்த இடத்தைக் கோடு சின்ன மேடாகக் கடந்தது. அப்புறம் ஏறத் தொடங்கியது. நுனி முழுக்கக் கேலக்டோஸ் நின்ற சங்கிலியின் இடம். கோடு ஏறிக்கொண்டே போனது. திரையின் உச்சியை முட்டியது. அளவை மாற்றிப் போட வேண்டியிருந்தது.

“அக்கா, இது நல்லதா கெட்டதா? மூஞ்சியில ஒண்ணும் தெரியலியே,” என்றான் முனிராஜ்.

“நல்லது,” என்றாள். தலையை ஆட்டினாள்.

ஆனால் சென்னகிருஷ்ணன் சிகரத்தை நம்புகிற ஆளில்லை. “படம் நல்லாத்தான் இருக்குது. வேல செய்யுதா?” என்றார். அதற்கான சோதனையும் தயாராகிக்கொண்டிருந்தது. தட்டின் குழிகளில், நோயைத் தராத ஆனால் சிக்குன்குனியாக் கிருமியின் மேல்தோலைப் போர்த்திய துகள்களை விட்டார்கள். அதன்மேல் ஆன்டிபாடி. பிறகு வெள்ளை அணுக்கள். விழுங்கியவை பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். ஒரு வரிசையில் முதல் தடவைச் சரக்கு, அடுத்ததில் இரண்டாவது, கடைசியில் புதியது.

முடிவைப் பார்க்க எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். விளக்கை அணைத்தார்கள். முதல் வரிசை மங்கலாக இருந்தது. மொட்டை ஆன்டிபாடி கலந்த இரண்டாவது இன்னும் மங்கல். கடைசி வரிசை, குழிக்குக் குழி, பச்சையாக எரிந்தது. புங்கனூர் மிட்டாய் போலப் பச்சை என்று யாரோ சொன்னார்கள். அப்படி ஒரு மிட்டாய் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

“கூப்பிட்டிருக்குது பாரு!” என்று திம்மப்பன் கத்தினார். அவர் அந்த அறைக்குள் வரவே அனுமதி இல்லாதவர்.

சென்னகிருஷ்ணன் தட்டைச் சுற்றிப் பார்த்தார். “அந்தத் தீனிப் பெட்டி திறந்து வந்துச்சு இல்ல? நாளைக்கு வெளியாளுங்க வந்து இந்தச் சரக்க எப்படி நம்பறதுன்னு கேட்டா?”

ஜெயப்ரியா வாயைத் திறப்பதற்குள் சிவராஜ் முன்னால் வந்தார். “என்னக் கேக்கச் சொல்லுங்க சார். எங்க திறந்துச்சு, யாரு திறந்தாங்க, எவ்ளோ சூடு ஏறுச்சு, பைய எப்படிச் சோதிச்சேன், எல்லாம் நான் சொல்றேன். இந்தக் கம்பெனியில இவ்ளோ சுத்தமா விவரம் இருக்கற பேட்ச் இது ஒண்ணுதான். இதுக்கு நான் நிப்பேன்.”

சிவராஜ் எதற்கும் நின்று யாரும் பார்த்ததில்லை. எதிலும் குறுக்கே நின்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

சென்னகிருஷ்ணன் போனை எடுத்தார். அந்த இருட்டிலேயே எண்ணைத் தட்டினார்.

“ஆங், நான்தான். தொட்டி விஷயமா... இல்லீங்க. காலி இல்ல. இல்ல, அடுத்த மாசமும் காலி இல்ல. எங்க சொந்தச் சரக்கு ஓடுது.”

சொந்தச் சரக்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முனிராஜ் விசில் அடித்தான். அந்த அறையில் விசில் அடிக்கக் கூடாது. பேசவே கூடாது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சிவராஜே கை தட்டிக்கொண்டிருந்தார். தலையில் மாட்டிய வலைத்தொப்பிகள் கழன்று கீழே விழுந்தன.

“ஏம்மா,” என்றார் சென்னகிருஷ்ணன், போனைப் பைக்குள் வைத்தபடி. “இத்தோட நிக்காதில்ல? இதே போல இன்னொரு தடவ வருமா?”

“வரும் சார். இன்னும் நல்லா வரும். நுனியில எவ்ளோ வைக்கணும்னு இப்பத்தான் கை வந்திருக்குது.”

“எப்ப ஆரம்பிப்ப?”

“தொட்டியக் கழுவினதும்.”

“அப்ப ஏன் நிக்கற? போ.”

அவள் ஓடினாள். படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். முனிராஜ் அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். “நான்தான் கழுவுவேன், நான்தான்!” என்று கத்திக்கொண்டே நீராவிக் குழாயின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். சீறிக்கொண்டு கிளம்பிய வெள்ளைப் புகையில் தொட்டி முழுவதும் மறைந்தது. அதற்குள்ளிருந்து அவர்கள் இருவரின் சிரிப்புச் சத்தம் மாடி வரை கேட்டது.